ஐந்து அம்பியர் இருந்த இடத்தில் பத்து

திருகோணமலைக்கு அருகே உப்புவெளிக் கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியின் முன்கூடத்தில், 1970களின் இறுதியில் அமெரிக்காவில் செய்யப்பட்ட, உலோகப் பந்தைத் துடுப்புகளால் தட்டி விளையாடும் பின்போல் இயந்திரம் ஒன்று நிற்கிறது. அதன் பின்பெட்டியைத் திறந்தபோது, ஐந்து அம்பியர் உருகி இருக்க வேண்டிய பிடியில் பத்து அம்பியர் உருகி செருகப்பட்டிருந்தது. பக்கத்துப் பிடியில் இருந்ததோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய, எரிந்துபோன உருகி. “அண்ணை, அஞ்சு போட்டா எரியுது, பத்துப் போட்டாத்தான் நிக்குது” என்றார் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஐந்து ஏன் எரிந்தது என்பதை அதுவரை எவரும் தேடிப் பார்க்கவில்லை.

உருகி, அதாவது நாம் கடையில் பியூஸ் என்று கேட்டு வாங்கும் பொருள், வேண்டுமென்றே பலவீனமாக்கப்பட்ட ஒரு துண்டுக் கம்பி. அதனூடாக ஓட்டம் செல்லும்போது பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாகக் கூடுவதால், இரட்டிப்பு ஓட்டத்தில் நான்கு மடங்கு வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பம் இரு முனைத் தொப்பிகள் வழியாக வெளியேறும் வேகத்தை மிஞ்சினால் கம்பி உருகி அறுந்துவிடும். இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது நேரத்தை. தொப்பியில் பொறித்திருக்கும் எண்ணைத் தாண்டியதும் உருகி உடனே அறுவதில்லை. அமெரிக்கத் தர விதிப்படி, குறித்த அளவின் 135 விழுக்காட்டில் ஒரு மணி நேரத்துக்குள்ளும், 200 விழுக்காட்டில் இரண்டு நிமிடத்துக்குள்ளும் அது அறுந்தால் போதும்.

இந்தத் தாமதம்தான் பின்போல் இயந்திரத்தை இயங்க விடுகிறது. பந்தைத் தட்டியெழுப்பும் துடுப்பை இழுக்கும் மின்காந்தச் சுருளை எடுத்துக்கொள்வோம். இந்த இயந்திரத்தில் அதற்குக் கிடைப்பது 43 வோல்ற்று நேரோட்டம். சுருளின் வலிய சுற்றுக்குத் தடை 4 ஓம் என்று வைத்தால், ஓட்டம் ஏறக்குறைய 10.75 அம்பியர், வலு 460 வாற்றுக்கு மேல். துணி தேய்க்கும் ஆயிரம் வாற்று மின்னழுத்தி ஒன்றின் கிட்டத்தட்டப் பாதிச் சூடு, ஒரு கட்டைவிரல் பருமனுள்ள சுருளுக்குள் பிறக்கிறது என்று பொருள். இதைச் சுருள் தாங்குவதற்குக் காரணம், அந்த ஓட்டம் கண்ணிமைக்கும் நேரமே நீடிப்பதுதான். துடுப்பு மேலே எழுந்து முடியும் புள்ளியில் ஒரு சிறிய ஆளியை, அதாவது சுவிட்சை, தள்ளித் திறக்கிறது. அப்போது மெல்லிய கம்பியாலான இரண்டாவது சுற்றும் தொடரில் சேர்கிறது. தடை நூறு ஓமைத் தாண்ட, ஓட்டம் அரை அம்பியருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. விளையாடுபவர் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் பாதகமில்லை.

உப்புவெளி இயந்திரத்தில் அந்த ஆளியின் தகடு வளைந்து, துடுப்பு முழுதாக எழுந்த பிறகும் முனைகள் ஒட்டியே இருந்தன. பொத்தானை அழுத்திப் பிடித்த ஒவ்வொரு முறையும் 10.75 அம்பியர் ஓடிக்கொண்டேயிருந்தது. ஐந்து அம்பியர் உருகிக்கு அது 215 விழுக்காடு என்பதால், அது தன் கடமையைச் செய்து அறுந்தது. பத்து அம்பியர் உருகிக்கோ ஏழரை விழுக்காடே மிகை. சுருள் சூடேறச் சூடேற அதன் தடை கூடி ஓட்டம் இன்னும் குறைவதால், அந்த மிகையும் விரைவில் மறைந்துவிடும். உருகி அறாமல் நின்றது, ஆனால் சுருளைச் சுற்றியிருந்த தாள் பழுப்பேறி, உட்குழல் வீங்கி, இரும்புத் தண்டு உள்ளே இறுகத் தொடங்கியிருந்தது.

சரியான எண்ணை வாங்கினாலும் வகை தவறலாம். நேரான மெல்லிய கம்பி கொண்டது விரைவில் அறும் வகை. கம்பியை ஓர் இழைமேல் சுருட்டியோ, சுருள்வில்லையும் ஈயப்பற்றையும் வைத்தோ, கம்பியின் நடுவில் வெள்ளீயப் பொட்டு இட்டோ செய்தது தாமதித்து அறும் வகை. இந்தப் பொட்டின் வேலை எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். செம்பு உருக 1,085 பாகை செல்சியசு வேண்டும். ஆனால் 232 பாகையிலேயே உருகும் வெள்ளீயம், தன்னைத் தொட்டிருக்கும் செம்பை மெல்லக் கரைத்து அறுத்துவிடுகிறது. சுருள்களுக்கான சுற்றில் தாமத வகையையே போட வேண்டும். விரைவு வகை போட்டால் குற்றமற்ற ஆட்டத்திலும் அறும். மின்சுற்றுப் படத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் எஸ்.பி. (SB, அதாவது slow blow) என்ற எழுத்துகள் இருந்தால் அது தாமத வகை.

அளவிலும் ஏமாறலாம். இந்த இயந்திரங்கள் கேட்பது 6.3 மில்லிமீற்றர் விட்டமும் 32 மில்லிமீற்றர் நீளமும் உள்ள கண்ணாடி உருகி. பல வானொலிப் பெட்டிகளில் இருக்கும் 5 க்கு 20 உருகி பிடியில் நிற்காது. பழைய கார்களின் கண்ணாடி உருகிகளில் சில அச்சு அசலாகப் பொருந்தும், ஆனால் அவை 32 வோல்ற்றுக்கே ஆனவை. 230 வோல்ற்று வழியில் போட்டால், கம்பி அறுந்த பின்னும் இடைவெளியில் மின்பொறி தொடர்ந்து எரியக்கூடும். 250 வோல்ற்று உருகியைத் தாழ்ந்த வோல்ற்றளவில் தாராளமாகப் போடலாம்.

அமெரிக்க இயந்திரம் 115 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது. நிலைமாற்றியின், அதாவது டிரான்ஸ்போமரின், முதன்மைச் சுற்றின் இணைப்புகளையே 230க்கு மாற்றியிருந்தால், அதே வலுவுக்கு ஓட்டம் பாதியாகும். ஆகவே மின்வழி உருகியும் பாதியாக வேண்டும். வெளியே தனியாக இறக்கு நிலைமாற்றி வைத்திருந்தால், இயந்திரத்துக்குள் இருக்கும் உருகி பழைய அளவிலேயே இருக்கட்டும். இரண்டாம் பக்கத்து உருகிகளுக்கு எந்த மாற்றமும் இல்லை.

வெள்ளித்தாள் சுற்றியிருந்தது மின்குமிழ்களின் உருகி. 44ஆம் எண் குமிழ் ஒன்று 6.3 வோல்ற்றில் கால் அம்பியர் எடுக்கும். நாற்பது குமிழ்களுக்குப் பத்து அம்பியர். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. வாடைக்காற்று கடலிலிருந்து கொண்டுவரும் ஈரம் உருகிப் பிடியைப் பச்சையாக்கி, அதன் இறுக்கத்தையும் தளர்த்தியிருந்தது. தொடுகையில் வெறும் 0.05 ஓம் தடை சேர்ந்தால் போதும், பத்து அம்பியரில் அந்த இடத்தில் 5 வாற்று வெப்பம் பிறக்கும். அது தொப்பி வழியாக உள்ளே ஏறி, ஓட்டம் மிகாதபோதும் கம்பியை அறுத்துவிடும். அந்தப் பிடிக்கு மருந்து புதிய பிடியே. அதோடு 0.15 அம்பியர் மட்டும் எடுக்கும் 47ஆம் எண் குமிழ்களை இட்டால் மொத்தம் ஆறு அம்பியராகக் குறையும்.

அறுந்த உருகியை எறியுமுன் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி கறுத்து உலோகப் பூச்சுப் படிந்திருந்தால் குறுஞ்சுற்று. நடுவில் மட்டும் கம்பி விலகியிருந்தால் மெதுவான மிகைச்சுமை. கண்ணுக்கு நல்லதாகத் தெரிவதையும் பிடியிலிருந்து கழற்றிப் பல்மானியால் (மல்ரிமீற்றரால்) சோதியுங்கள், ஏனெனில் தொப்பிக்குள் அறுந்தது வெளியே தெரியாது.

ஆளியின் தகட்டை நிமிர்த்தி, பிடியையும் உட்குழலையும் மாற்றி, ஐந்து அம்பியர் தாமத உருகியைப் போட்டோம். இளைஞர் பொத்தானை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தார். சுருளில் கை வைத்தபோது இளஞ்சூடு மட்டுமே. படத்திலிருந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, பின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு வந்தேன்.