கொடுவா மீனுக்கு தூண்டி போடுறவங்க கவனத்துக்கு: பிரெய்டு இல்ல, கடைசி நாலடி லீடர்தான் முக்கியம்

காசிமேடு, ராயபுரம் பக்கம் ரீல் சர்வீஸ் பண்றதும் நரம்பு (தூண்டி நூலு) சுத்தி குடுக்குறதும்தான் எனக்கு தொழில். சனிக்கிழமை சாயங்காலம் ஆனா வர்ற பசங்கள்ல பாதி பேரு கேக்குறது, "ணா, 60 எல்பி பிரெய்டு போட்டு குடுங்க, போன வாரம் பெரிய கொடுவா அறுத்துட்டு போயிடுச்சு". பிரெய்டுன்னா ரீல்ல சுத்துற பின்னல் நரம்பு, எல்பின்னா அது தாங்குற பவுண்டு எடை. மீதி நரம்ப வாங்கி பாத்தா பிரெய்டுக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது, லீடர் (பிரெய்டு நுனிக்கும் முள்ளுக்கும் நடுவுல கட்டுற துண்டு நரம்பு) தேஞ்சு அறுந்திருக்கும் இல்லன்னா முடிச்சு வழுக்கி கழண்டிருக்கும். காச எங்க போடணுமோ அங்க போடாம ரீல் பூரா தடி நரம்பா சுத்திக்கிட்டா மீன் நிக்காதுங்க.

பிரெய்டு பாலிஎத்திலீன் நாருல பின்னுறது, அதனால இழுவைக்கு ரொம்ப ஸ்ட்ராங், ஒல்லியா இருந்தாலும் தாங்கும், நீளவே நீளாது, மீன் தொட்டா கைக்கு உடனே தெரியும். ஆனா உரசல் தாங்காது. நம்ம திருவொற்றியூர்ல இருந்து எண்ணூர் வரைக்கும் தூண்டில் வளைவு கல்லு பூரா சிப்பி ஒட்டி கெடக்கு, முறுக்கி நிக்கிற பிரெய்டு அதுல லைட்டா பட்டா 30 எல்பியும் போகும் 60 எல்பியும் போகும். தடிமன் கூடினா வீச்சு தூரமும் கொறையும், 3000, 4000 சைஸ் ரீல்ல கொள்ளுற நீளமும் கொறையும். அதனால 20ல இருந்து 30 எல்பி, அதாவது பிஇன்னு போட்டிருக்கிற தடிமன் நம்பர்ல 1.5 இல்லன்னா 2, கொடுவாக்கு தாராளம். 8 இழை வழவழன்னு தூரம் போகும், கல்லு மேலயே நின்னு போடுறவங்களுக்கு 4 இழை கொஞ்சம் கூட தாங்கும்.

இன்னொண்ணு, யூடியூப்ல அமெரிக்காக்காரங்க லார்ஜ்மவுத் பாஸ் புடிக்கிறத பாத்துட்டு ரீல் முழுக்க 12 எல்பி ஃப்ளோரோகார்பன் (நைலான விட கனமான, வெறப்பான ஒரு நரம்பு) சுத்த சொல்றாங்க. அது நல்ல தண்ணி ஏரி மீனு, அவங்க அத பெரும்பாலும் பெயிட்காஸ்டிங் ரீல்ல (உருளையே சுத்தி நரம்ப விடுற ரீல்) போடுறாங்க, நம்ம ஸ்பின்னிங் ரீல்ல (உருளை சுத்தாம நரம்பு சுருளா கழண்டு போற ரீல்) ஃப்ளோரோ வெறப்பா இருக்கறதால சுருள் சுருளா எகிறி சிக்கிக்கும்.

இப்ப லீடருக்கு வரேன். கொடுவாக்கு ஷீலா மீன் மாதிரி வெட்டுற பல்லு இல்ல, அதனால ஒயர் வேணாம். ஆனா வாய் ஓரம் சொரசொரப்பு, செவுள் மூடி ஓரம் கைய வச்சாலே கிழிச்சிடும், அது தலைய ஆட்டி துள்ளுறப்ப லீடர் அதுலதான் தேயுது. திறந்த இடத்துல 30-40 எல்பி, கல்லு, பாலத்து தூண் பக்கத்துல 50-60 எல்பி லீடர் போடுங்க. ஃப்ளோரோகார்பன் மீன் கண்ணுக்கு தெரியாதுன்னு சொல்லி விக்கிறாங்க, எண்ணூர் முகத்துவாரம் கலங்கல்ல அதுக்காக ஒரு ரூபா கூட தராதீங்க. உரசல் தாங்கும், தண்ணி குடிக்காது, அதுக்கு வேணா குடுக்கலாம். காசு இல்லையா, நல்ல தடியான நைலான் மோனோ (பின்னாத ஒத்த இழை நரம்பு) போதும், அது நீண்டு குடுத்து மீன் ஒதறுற அதிர்ச்சிய வாங்கிக்கும், தண்ணி மேல ஓடுற லூருக்கு (பொய் இரை) மோனோதான் சரி, ஃப்ளோரோ லூரோட மூக்க கீழ இழுக்கும்.

ஃப்ளோரோன்னு சொல்லி மேல கோட்டிங் மட்டும் குடுத்த நைலான விக்கிறதும் நடக்குது. வீட்லயே செக் பண்ணலாம், ஒரு இஞ்ச் வெட்டி டம்ளர் தண்ணில விரலால அமுக்கி விடுங்க, ஃப்ளோரோ கடகடன்னு அடிக்கு போயிடும் (தண்ணிய விட கிட்டத்தட்ட 1.8 மடங்கு கனம்), நைலான் அசமந்தமா மெதுவா எறங்கும்.

நீளம் நாலு அஞ்சு அடி போதும். பிரெய்டுக்கும் லீடருக்கும் எஃப்ஜி முடிச்சு கத்துக்கிட்டா அதுதான் பெஸ்ட், ராடு ரிங்குல மாட்டாம ஓடும், வராதவங்க டபுள் யூனி முடிச்சு போடுங்க, பிரெய்டு பக்கம் சுத்த கொஞ்சம் கூட குடுங்க. எந்த முடிச்சா இருந்தாலும் எச்சில் தொட்டு நனைச்சிட்டு மெதுவா இறுக்கணும், காஞ்ச நரம்ப வெடுக்குன்னு இழுத்தா சூடாகி அந்த எடத்துல பலம் போயிடும். ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் லீடர ரெண்டு விரல்ல புடிச்சு கீழ வரைக்கும் தடவி பாருங்க, சொரசொரன்னு பட்டா யோசிக்காம வெட்டி மறுபடி கட்டுங்க. இத மட்டும் செஞ்சாலே பாதி மீனு தப்பாது.

டிராக (மீன் இழுத்தா ரீல் எவ்ளோ எடையில நரம்ப வுட்டு குடுக்கணும்னு வைக்கிற இறுக்கம்) யாரும் அளக்கறதே இல்ல, அது எனக்கு பெரிய ஆதங்கம். ஸ்பிரிங் தராசு ஒண்ணு வாங்குங்க, நரம்பு தாங்குற எடையில கால் பங்குல டிராக் வுடணும், 20 எல்பின்னா 9 கிலோ, அப்ப ரெண்டே கால் கிலோ இழுத்தா ரீல் வுட்டு குடுக்கணும்.

சுத்தும்போது பிரெய்ட நேரா ஸ்பூல்ல (ரீல் உருளை) கட்டாதீங்க, மொத்தமா வழுக்கி சுத்தும், அடியில கொஞ்சம் மோனோ போட்டு ஆரம்பிங்க, ஈரத்துணியில புடிச்சு டைட்டா சுத்துங்க, ஓரத்துல 2 மில்லிமீட்டர் விட்டுருங்க. ரிங்கு உள்ள பஞ்ச விட்டு பாத்தா இழை மாட்டுற எடத்துல கீறல் இருக்குன்னு அர்த்தம், எவ்ளோ வெலைக்கு நரம்பு வாங்குனாலும் அந்த ரிங்கு அறுத்துடும்.

கல்லுல சிக்கிக்கிச்சுன்னா பிரெய்ட கைல சுத்தி இழுக்கவே இழுக்காதீங்க, எலும்பு வரைக்கும் எறங்கும். ஒரு கட்டையில சுத்தி நேரா இழுங்க, முகத்த திருப்பிக்கோங்க. வெட்டுன நரம்ப கல்லு மேல போட்டுட்டு வராதீங்க, மாஞ்சா நூலு கழுத்துல என்ன பண்ணும்னு வடசென்னைக்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம், பழவேற்காட்டுல பறவை காலுக்கும் அதே கதிதான், நைலான் அவ்ளோ சீக்கிரம் மக்காது. பெரிய கொடுவா வந்தா ஒரு நிமிஷம் யோசிங்க. இந்த மீனு சின்னதுல ஆணா இருந்து வளந்த பிறகுதான் பொட்டையா மாறுது, அதனால பெருசு பெரும்பாலும் முட்ட போடுற மீனு. லீடர் சரியா இருந்தா சீக்கிரம் கரைக்கு கொண்டு வந்து, முள்ள எடுத்து, தெம்போட திருப்பி விட்டுடலாம். அறுத்துட்டு போனா முள்ளோடயும் லூரோடயும் திரியும்.

நரம்பு வாங்க வரும்போது வெறும் ரீல மட்டும் தூக்கிட்டு வராதீங்க, ராடையும் கூட எடுத்துட்டு வாங்க, ரிங்க பாத்துட்டு எத்தன எல்பின்னு முடிவு பண்ணிக்கலாம். பழைய நரம்ப ஒரு பாட்டில்ல அடைச்சு கொண்டு வந்தா அதையும் வாங்கி வச்சுக்கறேன்.