தட்டச்சு செய்ததெல்லாம் குறிப்பு ஆகிவிடாது

ஆய்வேட்டின் முதல் இயலைத் தொடங்கவே முடியவில்லை என்ற குறையோடு சென்ற வாரமும் ஒரு மாணவி ஆலோசனைக்கு வந்தார். மடிக்கணினியில் இருந்த குறிப்புகளைக் காட்டச் சொன்னேன். "மீதியை அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்று பேராசிரியர் சொல்லி முடித்தது வரை அனைத்தும் அப்படியே பதிவாகியிருந்தன. அவருடைய சொந்தக் கேள்வி ஒன்றுகூட அதில் இல்லை. இப்படி வருகிறவர்கள் பெருகிக்கொண்டே போவதால்தான் இதை எழுதுகிறேன்.

நிறையப் பதிவு செய்தால் நிறையப் படித்ததாகிவிடும் என்ற நம்பிக்கையே இங்கு முதல் தவறு. பேச்சின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது; அதனால் கையால் எழுதுகிறவர், கேட்கும்போதே எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானித்துத் தம் சொற்களில் சுருக்கியாக வேண்டும். அந்தத் தீர்மானம்தான் படிப்பு. வேகமாகத் தட்டச்சு செய்பவருக்கு அந்தக் கட்டாயமே எழுவதில்லை. 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சொல்லுக்குச் சொல் பதியாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தும் மடிக்கணினி மாணவர்கள் அதையே செய்தார்கள். பின்னர் 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்தபோது, கையால் எழுதியவர்களுக்குச் சாதகமாக முதல் ஆய்வில் தெரிந்த மதிப்பெண் வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தாளுக்கென்று தனி மகிமை ஏதுமில்லை. நார்வேயில் 36 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2024இல் வெளியான மூளை அலை ஆய்வில், கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையேயான இணைப்பு கூடுதலாகக் காணப்பட்டது. அவர்கள் எழுதியதோ தொடுதிரையில், மின்பேனாவால். ஆகவே டேப்லெட்டில் பேனாகொண்டு எழுதும் பிள்ளையைப் பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டாம்.

படைப்பெழுத்தில் சிக்கல் வேறு. திரையில் ஒரு வாக்கியம் பிசகியதும் விரல் அழிப்பு விசைக்குப் போகிறது. எண்ணம் முன்னே நகர்வதற்குள் வாக்கியத்தைச் செப்பனிடத் தொடங்கிவிடுகிறோம். நோட்டில் அடித்த வரி அடித்தபடியே கிடக்கும். இரண்டு பக்கம் தள்ளி, அதுவே சரியென்று பட்டால் ஓர் அம்புக்குறி போதும்.

கரும்பலகையைக் கைபேசியில் படம் பிடித்துவிட்டுச் சும்மா உட்காராதீர்கள். முதல் வரைவைக் கையால் எழுதுங்கள். பத்திகளை இடம் மாற்றவும் திருத்தவும் கணினிக்குப் போங்கள், அந்த வேலைக்கு அதற்கு நிகரில்லை. தண்டனையாக நூறு முறை எழுத வைப்பதும் யோசிக்காமல் படியெடுப்பதுதான், அதையும் நிறுத்துங்கள். எழுதுவதில் கற்றல் குறைபாடுள்ள பிள்ளையிடமிருந்து மட்டும் விசைப்பலகையைத் தயவுசெய்து பிடுங்காதீர்கள். ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பாடத்தின் நடுவே சற்று நிறுத்தி, கேட்டதைத் தம் சொற்களில் எழுதிக்கொள்ள மாணவர்களுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள்.