நீதிபதியை எப்படி அழைப்பது?

நாகர்கோவில் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வரும் வழக்கின் தரப்பினரில் பலர், என்ன சொல்ல வேண்டும் என்பதைக் காட்டிலும் நீதிபதியை எப்படி அழைப்பது என்றே அதிகம் பதறுகிறார்கள். திரைப்படத்தில் பார்த்த "கனம் கோர்ட்டார் அவர்களே" தேவையில்லை; "எஜமான்" வேண்டவே வேண்டாம். "ஐயா" என்றோ, பெண் நீதிபதியாக இருந்தால் "அம்மா" என்றோ அழைத்தால் போதும்.

கீழமை நீதிமன்றங்களில் வழக்கறிஞர்களுக்கும் இதுவே பொருந்தும். 2006-இல் அரசிதழில் வெளியான, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி, உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் "யுவர் ஆனர்" அல்லது "ஆனரபிள் கோர்ட்" என்றும், கீழமை நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் "சார்" அல்லது அதற்கு நிகரான மாநில மொழிச் சொல்லாலும் அழைக்கலாம் என்றது. "மை லார்ட்" என்பதைக் காலனி ஆட்சியின் எச்சம் என்றே அது குறிப்பிட்டது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சந்துரு, தம்மை அவ்வாறு அழைக்க வேண்டாம் என்று 2009-இல் கேட்டுக்கொண்டார்; அது கட்டாயமில்லை, மரியாதையாக அழைத்தால் போதும் என்று உச்ச நீதிமன்றமும் 2014-இல் கூறியது. ஆனாலும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றால் "மை லார்ட்" இன்றும் காதில் விழும். பழக்கம் விதியை விட வலியது போலும்.

பேச்சில் நேரும் பிழையை நீதிபதிகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எழுத்தில் நேரும் பிழைதான் அலைக்கழிக்கும். பத்மநாபபுரத்தில் சார் ஆட்சியரும் உண்டு, சார்பு நீதிபதியும் உண்டு. முன்னவர் வருவாய்த்துறை அதிகாரி, பின்னவர் உரிமையியல் வழக்குகளை விசாரிப்பவர். பெயர் ஒலிக்கும் விதத்தில் மயங்கி ஒருவருக்கு எழுத வேண்டியதை மற்றவருக்கு எழுதினால், மனு சேர வேண்டிய இடத்தில் சேராது. அதேபோல், மாஜிஸ்திரேட் என்று நாம் சொல்பவர் எழுத்தில் "நீதித்துறை நடுவர்". முன்சீப் "மாவட்ட உரிமையியல் நீதிபதி". மனுவின் தலைப்பில் "குழித்துறை சார்பு நீதிமன்றம்" என்பதுபோல் நீதிமன்றத்தின் பெயரையே எழுத வேண்டும். நீதிபதி நாளை மாறுதலில் செல்லலாம், வழக்கு அங்கேயேதான் இருக்கும்.

விழா அழைப்பிதழ்களில் எல்லோரையும் "நீதியரசர்" ஆக்கிவிடுகிறோம். அச்சொல் உயர், உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கே வழங்குவது. மாவட்ட நீதிபதியை "மாவட்ட நீதிபதி அவர்கள்" என்று எழுதுவதில் குறை ஏதுமில்லை.

எத்தனை மரியாதையான சொற்களால் தொடங்கினாலும், நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி நீதிபதியின் பெயருக்குத் தனிக்கடிதம் எழுதக் கூடாது. சொல்ல வேண்டியதை மனுவாக்கி, எதிர்த்தரப்புக்கும் நகல் கொடுத்து, வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.