தறப்பாளுக்குத் தமிழ் என்ன?

கொழும்புப் புறக்கோட்டையில் மழை இருட்டினால் நடைபாதை வியாபாரிகள் அவசரமாக இழுத்து மூடுவது தறப்பாளைத்தான். ஆங்கிலத்தின் 'டார்போலின்' நம் வாயில் இப்படி ஆகிவிட்டது. அதில் 'டார்' என்பது தார். 'போல்' (pall) என்பது போர்த்தி மூடும் துணி என்று பொதுவாகக் கொள்வார்கள். கப்பலில் தடித்த கான்வஸுக்குத் தார் பூசிச் சரக்கை மூடினார்கள். மாலுமிகளுக்கே பிறகு அந்தப் பெயர் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

இப்போது விற்பதில் தார் இல்லை. பெரும்பாலும் பொலித்தீன் இழையை நெய்து, இரு பக்கமும் பொலித்தீன் படலம் ஒட்டியிருப்பார்கள். நெசவு கிழியாமல் தாங்கும். தண்ணீரைத் தடுப்பது படலம். வெயில் பட்டுப் படலம் இற்றுவிட்டால், நெசவு நன்றாக இருந்தாலும் ஒழுகும்.

தமிழ்நாட்டில் இது தார்ப்பாய். ஒலியும் பொருளும் ஒன்றாக விழுந்த அழகான சொல். பாய் என்றால் கப்பலில் கட்டும் பாய் என்றும் பொருள் உண்டுதானே. ஆனால் அந்தத் தாரும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். மெழுகு பூசிய துணிக்கு மெழுகுசீலை என்ற பழைய சொல் உண்டு. இன்றைய பொலித்தீனுக்கு அது பொருந்தாது.

நம்மிடமே படங்கு இருக்கிறது. நெல் காயவைக்கக் களத்தில் விரிப்பது படங்கு, கூடாரத்துக்குக் கட்டுவதும் படங்கு. புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை, இதையே எழுதலாம் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: சாக்குகளைப் பொருத்தித் தைத்ததும் படங்குதான், அது மழைக்குத் தாங்காது. ஆகவே மழைக்கானதை 'நீர்புகாப் படங்கு' என்று எழுதினால் குழப்பம் இல்லை. 'நீர்புகா' என்றால் அடுத்து ப் மிகும். 'நீர்புகாத படங்கு' என்றால் மிகாது. பெயர்ப்பலகைகளில் இது அடிக்கடி தவறுகிறது. அப்புறம், தூறலை மட்டும் தாங்கும் துணியை நீர்புகாத் துணி என்று விற்கக்கூடாது. அது 'நீர்தாங்கு துணி', அவ்வளவுதான்.

இதற்காகத் தறப்பாளைத் தள்ளிவைக்கச் சொல்லமாட்டேன். போரிலும் 2004 சுனாமியிலும் வீடிழந்த எத்தனையோ குடும்பங்கள் தறப்பாள் கொட்டிலில்தான் வாழ்ந்தன. அவர்கள் கதையை எழுதும்போது அந்தச் சொல்லை மாற்றக்கூடாது. விலைப்பட்டியல், பாடநூல், அறிவித்தல் என்றால் படங்கு என்றே எழுதுங்கள்.