ஓடுகிற சிப்பை மறுபடி ‘ஸ்டார்ட்’ பண்ணாதீர்கள்

“அண்ணா, போர்டு நல்லாத்தான் பூட் ஆகுது. லாகின் கேக்குது. அரை நிமிஷத்துல பொட்டுனு போயிடுதுங்ண்ணா.”

வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன யூனிட். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு மோட்டார் கன்ட்ரோலர் செய்கிறார்கள். போர்டில் ஓடுவது லினக்ஸ். மற்ற பாகங்களுக்குக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுப்பது பவர் மேனேஜ்மென்ட் சிப். அதற்கான டிரைவர் இவர்களே எழுதியது. இந்த மாதத்தில் இதே புகாரோடு வரும் மூன்றாவது ஆள் இந்தத் தம்பி. நான் போவதற்குள் அடாப்டரை மாற்றி, கெப்பாசிட்டரை மாற்றி, கடைசியில் பாலக்காட்டு வெயில் தலையில் பழியைப் போட்டிருந்தார்கள்.

“சரியா எத்தனை செகண்ட்?”

போனில் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் முப்பதை ஒட்டியே நின்றது. வெயிலுக்கு வாட்ச் பார்க்கத் தெரியாதுப்பா என்றேன்.

போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் சீரியல் கன்சோலில் கடைசி வரி: ‘விடிடி_டிடிஆர்: டிஸேபிளிங்’. டிடிஆர் மெமரிக்குப் போகும் கரன்ட்டை அணைக்கிறேன் என்று அர்த்தம். லினக்ஸின் மையமான கர்னல் சொல்லிவிட்டுத்தான் செத்திருக்கிறது. இவர்கள் அந்த பூட் செய்திகளில் முதல் ஐம்பது வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார்கள்.

வோல்டேஜ் லைன்களைக் கவனிக்கும் கர்னல் பகுதியான ரெகுலேட்டர் ஃப்ரேம்வொர்க், பூட்டின் கடைசிக் கட்டம் முடிந்து 30 விநாடி காத்திருக்கும். அதற்குள் எந்த டிரைவரும் உரிமை கோராத, ஆல்வேஸ்-ஆன் (எப்போதும் அணைக்காதே) என்றும் குறிக்காத வோல்டேஜ் லைன்களை யாருக்கும் வேண்டாதவை என்று அணைத்துவிடும். டிடிஆர் மெமரிக்கு அப்படி உரிமை கோர டிரைவர் ஏது? போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ ஃபைலில் நாம்தான் எழுத வேண்டும்.

இதுகூடப் பரவாயில்லை, மறதி. என்னை எரிச்சல்படுத்துவது அவர்கள் டிரைவரில் கண்ட இன்னொன்று. டிரைவர் சிப்பைப் பிடித்ததும் ஓடும் ப்ரோப் ஃபங்ஷனின் முதல் வேலையாக சாஃப்ட் ரீசெட் எழுதி, பிறகு ஓடாதபடி கமென்ட் ஆக்கிவைத்திருந்தார்கள். ஏன் எழுதினீர்கள் என்றால், “இனிஷியலைஸ் பண்ணணும்லங்ண்ணா”.

சென்சாருக்குச் செய்யுங்கள், டிஸ்ப்ளேவுக்குச் செய்யுங்கள். பவர் மேனேஜ்மென்ட் சிப் அந்த ஜாதி இல்லை. சுவிட்ச் போட்டதுமே, தனக்குள் எழுதிவைத்த வரிசைப்படி அது லைன்களை ஏற்றிவிட்டது. அப்புறம்தான் பிராசஸர் விழித்தது, பூட்லோடர் வந்தது, கர்னல் டிடிஆரில் இறங்கியது. உங்கள் ப்ரோப்பின் முதல் வரி ஓடுவதே அந்தச் சிப் கொடுக்கும் கரன்ட்டில். அதை ரீசெட் செய்வது உட்கார்ந்த கிளையை வெட்டுகிற வேலை. பல சிப்களில் ரீசெட் பிட்டை எழுதியதும் லைன்கள் விழுந்து, பிராசஸர் முதலிலிருந்து தொடங்கும். மறுபடி ப்ரோப், மறுபடி ரீசெட். விடிய விடிய ரீபூட் ஆகும். இவர்களும் வாட்ச்டாக் (தொங்கினால் ரீபூட் செய்யும் டைமர்) மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் தொலைத்த பிறகுதான் அந்த வரியை நிறுத்தியிருந்தார்கள்.

முதலில் படியுங்கள். சிப் ஐடியைப் படித்துச் சரிபாருங்கள். ஒத்துவராவிட்டால் எதையும் எழுதாமல் எரர் கொடுத்து வெளியே வாருங்கள். சிப்பின் ரெஜிஸ்டர் மதிப்புகளைக் கர்னல் நகலாக வைத்துக்கொள்ளும் ரெக்மேப் கேஷுக்கு, டேட்டாஷீட்டின் டிஃபால்ட் அட்டவணையைக் காப்பியடிக்காதீர்கள். பூட்லோடர் எப்போதோ மாற்றிய மதிப்பு அதில் இருக்காது. ஒரு பிட்டை மாற்றப்போய், பக்கத்துப் பிட்களையும் பழைய கணக்கில் எழுதிவிடுவீர்கள். (நானே செய்திருக்கிறேன். ஒரு போர்டு போனது.)

சிப் பிராசஸரைக் கூப்பிடும் சிக்னலான இன்டரப்ட்டைத் திறக்குமுன், நிலுவையில் நிற்கும் பழைய பாக்கிகளைத் துடைத்துவிடுங்கள்.

டிவைஸ் ட்ரீயில் மின், மேக்ஸ் மைக்ரோவோல்ட் வரிகளை வேறு போர்டிலிருந்து எடுக்கவே கூடாது. அது வெறும் குறிப்பு என்று நினைக்கிறார்கள். ரெகுலேட்டர் பதிவாகும்போதே, இப்போதுள்ள வோல்டேஜ் அந்த வரம்புக்கு வெளியே இருந்தால் கர்னல் அதை உள்ளே இழுத்துவிடும். 18,00,000 வர வேண்டிய இடத்தில் 33,00,000 இருந்தால், 1.8 வோல்ட் சிப்புக்கு 3.3 வோல்ட் போகும். உங்கள் டிரைவர் ‘எனேபிள்’ சொல்லும்வரைகூட அது காத்திருக்காது. ஸ்கீமாட்டிக்கை அச்செடுத்து, ஒவ்வொரு லைனாகப் பேனாவால் டிக் அடியுங்கள். மல்டிமீட்டர் வைத்தும் பாருங்கள், தயவுசெய்து.

டிரைவர் ஏறியிருக்கும்போது, அதைத் தாண்டி நேராகச் சிப்பில் எழுதும் ஐ2சி-செட் கமாண்டை ‘-எஃப்’ போட்டு ஓட்டி விளையாட வேண்டாம். லைன் அணைவதுதான் காரணமா என்று சோதிக்க, எதையும் அணைக்காதே என்று கர்னல் கமாண்ட் லைனில் ‘ரெகுலேட்டர்_இக்னோர்_அன்யூஸ்ட்’ கொடுக்கலாம், புதிய கர்னலாக இருந்தால். சோதனைக்கு மட்டும். அதோடு விற்பனைக்கு அனுப்பாதீர்கள்.

தம்பியிடம் டிடிஆர், கோர் இரண்டுக்கும் மட்டும் ஆல்வேஸ்-ஆன் போடச் சொல்லிவிட்டு வந்தேன். 4ஜி மாட்யூல் லைனைத் தொடவே வேண்டாம், அதன் டிரைவர் உரிமை கோரட்டும் என்றும் சொன்னேன். தோப்பில் மாட்யூல் தொங்கிவிட்டால் கரன்ட்டை வெட்டி எழுப்ப வேண்டும். ஆல்வேஸ்-ஆன் போட்ட லைனைக் கர்னல் வெட்டாது. தோட்டக்காரர் ராத்திரி டார்ச்சோடு போய் ஃப்யூஸைப் பிடுங்க வேண்டும்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. “சரியாயிடுச்சுங்ண்ணா!” பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டு லைனுக்கும் ஆல்வேஸ்-ஆன் போட்டிருந்தான், 4ஜி உட்பட.

நாளைக்கு மறுபடி வாளையாறு.