ஆறு வருட வேலையை ஒரு வினைச்சொல் பறித்துவிடும்

வெள்ளவத்தையில் நான் எடுக்கும் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வேலைக்குப் போகிறவர்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்து, சாதாரண தரத்தில் நல்ல சித்தியும் எடுத்தவர்கள். அப்படி ஒரு பிள்ளை போன வருடம் நேர்முகத் தேர்வு ஒன்றுக்குப் போய்விட்டு முகம் வாடி வந்து, "ரீச்சர், நான் எங்கே பிழைவிட்டேன் என்றே தெரியவில்லை" என்றாள். இப்போது செய்யும் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், இவள் "ஐ வேர்க்ட் தேர் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று உடனே கேள்வி வர, இவள் தடுமாறிப் போய்விட்டாள். அவள் எந்த வேலையையும் விடவில்லை, அன்றைக்குக்கூட அரை நாள் லீவு போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள்.

ஒரேயொரு "ஹேவ்" குறைந்தது. "ஐ ஹேவ் வேர்க்ட் தேர் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்" என்றால் ஆறு வருடம் முன்பு சேர்ந்தேன், இன்றும் அங்கேதான். "ஹேவ்" இல்லாவிட்டால் அந்த ஆறு வருடம் முடிந்துபோன கதை. அந்தப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை, பரீட்சையில் கோடிட்ட இடம் நிரப்பச் சொன்னால் சரியாக நிரப்புவாள், ஆனால் வாய் திறக்கும்போது தமிழ் முந்திக்கொள்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு ஆங்கிலம் இணைப்பு மொழி என்று இலங்கையின் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. கொழும்பில் தமிழரும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் அலுவலகங்களில் அந்த இணைப்பு எத்தனை பேருடைய சம்பளத்தைத் தீர்மானிக்கிறது என்பதை நான் கிழமைக்குக் கிழமை பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த "ஹேவ்" சேர்ந்த வினை வடிவத்துக்கு ஆங்கில இலக்கணத்தில் பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்று பெயர். அந்தப் பெயரே நிறையப் பேரைக் குழப்புகிறது. இங்கே பெர்ஃபெக்ட் என்றால் குறையில்லாதது என்று பொருள் இல்லை, லத்தீனில் "செய்து முடிந்தது" என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் முன்னால் பிரசென்ட் என்று நிற்கிறதே, உயிர் அதில்தான் இருக்கிறது. காரியம் முன்பு நடந்தது அல்லது தொடங்கியது, ஆனால் நான் அதைச் சொல்வது இன்றைய நிலைமையைக் காட்டுவதற்காக.

அமைப்பு பெரிய விஷயமில்லை. ஐ, யூ, வீ, தே என்றால் ஹேவ். ஹீ, ஷீ, இட் என்றால் ஹேஸ். அதன் பின்னால் வினையின் மூன்றாவது வடிவம். கோ, வென்ட், கோன் என்று வரிசையாக மனப்பாடம் செய்தீர்களே, அதில் கடைசிச் சொல். "ஐ ஹேவ் வென்ட்" என்று வாயில் வந்தால் இரண்டாவதில் நின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். கேள்வியில் ஹேவ் முன்னால் போகும், மறுப்பில் ஹேவுக்குப் பின்னால் நொட் வரும், அவ்வளவுதான்.

சரி, தமிழ் எங்கே காலை வாருகிறது?

"2019இலிருந்து இங்கே வேலை செய்கிறேன்" என்று நாம் சொல்கிறோம். "செய்கிறேன்" நிகழ்காலம், தமிழில் அது முழுக்கச் சரி. அதை அப்படியே கொண்டுபோய் "ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019" என்று வைக்கிறோம். கொழும்பில் இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கலாம். ஆங்கிலத்துக்கு அங்கே "ஐ ஹேவ் வேர்க்ட்" வேண்டும், அல்லது "ஐ ஹேவ் பீன் வேர்க்கிங்". கூடவே இன்னொரு பிழையும் வரும்: "சின்ஸ் டென் இயர்ஸ்". இதற்குத் தமிழே உதவி செய்கிறது. தமிழில் "இலிருந்து" வருகிற இடத்தில் சின்ஸ், "ஆக" வருகிற இடத்தில் ஃபோர். 2019இலிருந்து, சின்ஸ் 2019. பத்து வருடமாக, ஃபோர் டென் இயர்ஸ். இதை ஒருமுறை பிடித்துக்கொண்டவர்கள் பிறகு பிழைவிட்டு நான் பார்த்தது குறைவு.

அடுத்தது "இருக்கிறேன்" என்று முடிகிற வினைகள். "நான் கண்டிக்குப் போயிருக்கிறேன்" என்றால் "ஐ ஹேவ் பீன் டு கண்டி", அழகாகப் பொருந்துகிறது. ஆனால் "மனேஜர் கண்டிக்குப் போயிருக்கிறார்" என்று தொலைபேசியில் சொல்கிறீர்கள் என்றால், அவர் இப்போது ஆசனத்தில் இல்லை, ஆகவே "ஹேஸ் கோன் டு கண்டி". "ஹேஸ் பீன்" என்றால் போய்த் திரும்பி வந்தாயிற்று. தமிழில் இரண்டுக்கும் "போயிருக்கிறார்" போதும், இடம் பார்த்து விளங்கிக்கொள்வோம். ஆங்கிலம் அதைப் பிரித்துத்தான் சொல்லும். மாற்றி "ஹேஸ் பீன்" என்று சொல்லிவிட்டால், மறுமுனையில் இருக்கிறவர் மனேஜரை அழைக்கச் சொல்லிக் காத்திருப்பார் பாருங்கள்.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது, எனக்கே பல வருடம் கழித்துத்தான் பிடிபட்டது. காலையில் கதவைத் திறக்கிறோம், காலி வீதி ஈரமாகக் கிடக்கிறது, "நேற்று இரவு மழை பெய்திருக்கிறது" என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்து ஊகிக்கிறோம், அந்த ஊகத்தை "இருக்கிறது" தாங்குகிறது. ஆங்கிலத்தின் ஹேவ், ஹேஸ் அந்த வேலையைச் செய்வதில்லை. "இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" பிழை. "இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்று சொல்ல வேண்டும், ஊகம் என்று காட்ட வேண்டுமென்றால் "இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்".

ஏனென்றால் நேற்று, போன கிழமை, 2019இல் என்று முடிந்துபோன நேரத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் பிரசென்ட் பெர்ஃபெக்ட் அங்கே நிற்காது. அலுவலக மின்னஞ்சல்களில் நான் அதிகம் திருத்துகிற வரி "ஐ ஹேவ் சென்ட் த டொக்கியுமென்ட்ஸ் யெஸ்டர்டே". ஒன்று யெஸ்டர்டேயை எடுங்கள், இல்லாவிட்டால் ஹேவை எடுங்கள். வென் என்று கேட்கும்போதும் அதே கதைதான்: "வென் டிட் யூ கம்?" "திஸ் மோர்னிங்" மட்டும் கொஞ்சம் வித்தியாசம், காலை பத்து மணிக்கு அதோடு ஹேவ் வரும், பின்னேரம் ஐந்து மணிக்கு அந்தக் காலைப் பொழுது போய்விட்டதால் சாதாரண இறந்தகாலம்.

"திறப்பைத் தொலைத்துவிட்டேன்" என்று பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று சொன்னால் "ஐ ஹேவ் லொஸ்ட் மை கீ", இன்னும் கிடைக்கவில்லை. அமெரிக்கர்கள் இந்த மாதிரி இடத்தில் "ஐ லொஸ்ட் மை கீ" என்றும் சொல்வார்கள், அது அவர்கள் வழக்கம். தொலைக்காட்சித் தொடர்களில் கேட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், நம் பள்ளிகளில் படிப்பிப்பது பிரித்தானிய முறையைத்தான்.

கடைசியாகக் காது. ஆங்கிலேயர் பேச்சில் "ஐ ஹேவ்" முழுசாக வராது, "ஐவ்" என்று ஓடிவிடும், "ஹீ ஹேஸ்" வெறும் "ஹீஸ்" ஆகிவிடும். அந்தச் சின்ன ஒலி காதில் விழாததால்தான் பலர் அதைப் பேச்சிலும் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்த பயிற்சி இதுதான்: 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போகும்போது, தன்னைப் பற்றி "ஐவ்" என்று தொடங்கும் ஐந்து உண்மையான வசனங்களை மெதுவாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் வசனத்தை அவளே தெரிவுசெய்தாள்: "ஐவ் வேர்க்ட் தேர் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்."