சாந்து இல்லாத கல் கூரை: சார்டினியாவின் நுராகே கோபுரங்கள் ஏன் விழவில்லை?

கல்லூரி மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "சார்டினியாத் தீவில் மூவாயிரத்து ஐந்நூறு வருடப் பழமையான கல் கோபுரங்கள் இருக்கின்றனவாம். சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. சுவர் நிற்பது புரிகிறது. உள்ளே கூரையும் கல்தான் என்கிறார்கள். அது எப்படித் தலையில் விழாமல் இருக்கிறது?"

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். இந்தக் கோபுரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "இவ்வளவு பெரிய கல்லை எப்படித் தூக்கினார்கள்?" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஆள் பலமும் கயிறும் நெம்புகோலும் பொறுமையும் இருந்தால் கல் மேலே போய்விடும். போன கல் அந்தரத்தில் ஏன் தங்குகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். இத்தாலியின் பெருநிலத்துக்கு மேற்கே, மத்தியதரைக் கடலில் இருக்கும், இத்தாலியைச் சேர்ந்த பெரிய தீவு சார்டினியா. அங்கே வெண்கலக் காலத்து மக்கள் கட்டிய வட்டக் கோபுரங்களுக்கு 'நுராகே' என்று பெயர். தீவு முழுக்க ஏறத்தாழ 7000 இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்றது பரூமினி என்ற ஊருக்கு அருகே உள்ள 'சு நுராஷி'. 1950கள் வரை அது மண் மூடிய மேடுதான். அதே ஊரில் பிறந்த தொல்லியல் அறிஞர் ஜொவான்னி லில்லியு அந்த மேட்டைத் தோண்டினார். உள்ளே ஒரு கோபுரம், அதைச் சுற்றி நான்கு மூலைக் கோபுரங்களோடு ஒரு கோட்டை, அதற்கும் வெளியே ஒரு மதில், மதிலை ஒட்டி வட்டக் குடிசைகள் நெருக்கியடித்த ஒரு கிராமம் என்று ஒரு குடியிருப்பே வெளிப்பட்டது. 1997இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நடுக்கோபுரம்தான் பழையது. கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது; மற்றவை அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் சேர்ந்துகொண்டே வந்தவை. ஜாரா என்ற பீடபூமியிலிருந்து கொண்டுவந்த பசால்ட் எரிமலைக் கல்லால் கட்டியிருக்கிறார்கள். முழுமையாக இருந்தபோது அதன் உயரம் சுமார் 18 மீட்டருக்கு மேல். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அறைகள், ஒவ்வொன்றுக்கும் கல்லாலேயே குவிந்த கூரை. இனி அந்தக் கூரைக்கு வருவோம்.

நாம் பள்ளியில் படித்த வளைவு வேறு. அதில் ஆப்பு வடிவக் கற்கள் சாய்ந்து நின்று ஒன்றையொன்று தாங்கும்; உச்சிக்கல் வைக்கும்வரை அடியில் மரச் சென்ட்ரிங் வேண்டும். நுராகேயில் கற்கள் சாயவில்லை. ஒவ்வொரு வரிசையும் ஏறக்குறையக் கிடையாகவே படுத்திருக்கிறது. ஒரே வித்தியாசம், மேல் வரிசை கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்தது இன்னும் கொஞ்சம். இப்படிச் சுற்றிலுமிருந்து நெருங்கி வந்து, கடைசியில் உச்சியில் ஒரு கல்லால் மூடிவிடுகிறார்கள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள நான்கு புத்தகங்களை மேசை விளிம்பில் அடுக்குங்கள். மேலேயுள்ள புத்தகம் தனக்குக் கீழுள்ளதைத் தாண்டித் தன் நீளத்தில் பாதி வரை நீளலாம். அதற்கு மேல் நகர்ந்தால் ஈர்ப்பு மையம் வெளியே போய்க் கவிழ்ந்துவிடும். அடுத்தது கால் பங்கு, அடுத்தது ஆறில் ஒன்று, அதற்கடுத்தது எட்டில் ஒன்று. கூட்டிப் பாருங்கள், ஒன்றுக்குச் சற்று மேல் வரும். அதாவது மேல் புத்தகம் முழுதும் மேசைக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும். இந்தத் தொடருக்கு முடிவே கிடையாது. அடுக்கு கூடக்கூட எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வெளியே நீளலாம்.

ஆனால் விலை பயங்கரம். இரண்டு நீளம் வெளியே போக 31 அடுக்கு வேண்டும். மூன்று நீளத்துக்கு 227. இப்போது 5 மீட்டர் அகலமுள்ள ஒரு வட்ட அறையை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து நடுப்புள்ளிக்கு இரண்டரை மீட்டர். அரை மீட்டர் நீளக் கற்கள் என்றால் ஐந்து நீளம் எட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 12,367 அடுக்கு வருகிறது! ஒவ்வொரு கல்லும் 20 சென்டிமீட்டர் தடிமன் என்றாலும் கூரை ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் உயரம் போகும். உண்மையில், இசிலி ஊரிலுள்ள 'இஸ் பாராஸ்' நுராகேயின் குவிமாடம் உட்புறம் 12 மீட்டர்கூட இல்லை. தீவிலேயே மிக உயரமானவற்றில் அதுவும் ஒன்று.

ஆக, வெறும் அடுக்கு இதைச் சாதிக்கவில்லை. வேறு இரண்டு காரியங்கள் நடக்கின்றன.

முதலாவது, வால் பக்கத்துச் சுமை. உள்நோக்கி நீட்டிய கல்லின் பின்பகுதி தடித்த சுவருக்குள் புதைந்திருக்கிறது. அதன்மேல் சுவரின் கல்லும், சுவருக்குள் இட்டு நிரப்பிய நிரப்பும் அழுத்துகின்றன. முன்பக்கம் கவிழப் பார்த்தால் பின்பக்கப் பாரம் விடாது. இதனால்தான் அறை சிறிதாகவும் சுவர் மூன்று நான்கு மீட்டர் தடிமனாகவும் இருக்கிறது. மேல்மாடிச் சுவர் கீழ்மாடிக் கூரைக்குப் பாரம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பாரம் இறங்குவது கீழ்க்கற்களின் வால் பக்கத்தில். அதனால் மாடி ஏற ஏறக் கீழ்க்கூரை இன்னும் இறுகுகிறது!

இரண்டாவது காரியம் என்னைச் சொக்க வைப்பது. அறை வட்டமாக இருக்கிறதே, அங்கேதான் சூட்சுமம். ஒரு வரிசைக் கற்களைத் தனித்தனிக் கற்களாகப் பார்க்காமல் முழு வளையமாகப் பாருங்கள். இரண்டரை மீட்டர் ஆரமுள்ள வளையத்தின் சுற்றளவு சுமார் 15.7 மீட்டர். அதிலுள்ள எல்லாக் கற்களும் 10 சென்டிமீட்டர் உள்ளே சரிய வேண்டுமென்றால் சுற்றளவு 63 சென்டிமீட்டர் குறைய வேண்டும். கல்லைச் சுருக்க முடியுமா? முடியாது. குறுகலான வாசலில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தால் தோளோடு தோள் சிக்கி ஒருவரும் நுழைய முடியாமல் போகுமே, அதே நிலைமைதான். விழ நினைக்கும் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்குகிறது. அந்த நெருக்கலே அதை விழவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

கல்லுக்கு இழுவை ஆகாது, விரிசல் விட்டுவிடும். அமுக்கத்தை வெகுவாகத் தாங்கும். வட்ட வளையமோ, விழும் முயற்சி முழுவதையும் அமுக்கமாக மாற்றிவிடுகிறது. கற்களுக்கு இடையே சிறு கற்களை ஆப்பாக இறுக்கியிருப்பதும் இதற்குத்தான். இடைவெளி இருந்தால் நெருக்கல் ஒரு கல்லிலிருந்து மறுகல்லுக்குப் போகாது.

இதிலிருந்து இன்னொன்று புரிகிறது. ஒவ்வொரு வளையமும் மூடிய கணத்திலேயே தன்னைத் தானே தாங்கிக்கொள்கிறது. அதனால் சென்ட்ரிங் தேவையில்லை, பாதியில் வேலையை நிறுத்தினாலும் கட்டியது நிற்கும். இன்று உச்சி இடிந்த நுராகேக்கள் வானம் தெரியும் வட்டத் துளையோடு நிற்பதும் இதே காரணத்தால்தான். உச்சிக்கல் போனதால் அவற்றுக்கு ஆபத்தில்லை. பக்கவாட்டில் ஒரு வளையம் அறுந்தால்தான் ஆபத்து.

அப்படியானால் வாசல்? அங்கே வளையம் அறுகிறதே? வாசல் இருப்பது அடிப்பகுதியில். அங்கே சுவர் ஏறக்குறைய நேராகத்தான் எழும்புகிறது, வளைய நெருக்கம் அதிகம் தேவைப்படாத இடம். வாசல் மேலே குறுக்கே கிடக்கும் உத்தரக் கல்லுக்கு வேறொரு சிக்கல் உண்டு. நடுவில் பாரம் இறங்கினால் அது வளையப் பார்த்து, அடிமுகத்தில் இழுவை ஏற்பட்டு உடையும். அதற்காகப் பல நுராகேக்களில் உத்தரத்துக்கு நேர் மேலே சிறு சந்து ஒன்றை விட்டிருக்கிறார்கள். மேல் பாரம் சந்தின் இரு பக்கமும் பிரிந்து இறங்கிவிடும். வெளிச்சத்துக்கு வைத்த ஜன்னல் மாதிரி தெரியும் அந்தச் சந்துதான் உத்தரத்தின் உயிர்.

இதே காலத்தை ஒட்டிக் கிரேக்கத்தின் மைசீனியில் கட்டிய பெரிய கல்லறைகளிலும் பிதுங்கிக் குவியும் கூரை உண்டு. ஆனால் அவற்றைக் குன்றின் சரிவில் குடைந்து மண்ணால் மூடிவிட்டார்கள். சுற்றியுள்ள மண்ணே அணைத்துப் பிடித்துக்கொள்ளும். சார்டினியர்களோ வெட்டவெளியில், மாடி மேல் மாடியாக, சுவருக்குள்ளேயே சுழன்றேறும் படிக்கட்டும் வைத்துக் கட்டினார்கள். துணிச்சலில் அவர்களுக்கே என் ஓட்டு. இயற்கையும் உதவியது என்பதைச் சொல்லிவிட வேண்டும்: இத்தாலியிலேயே நிலநடுக்கம் மிகக் குறைந்த பகுதி சார்டினியா. இதே கோபுரங்கள் சிசிலியில் நின்றிருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

இவ்வளவு தெளிவான இயற்பியல் இருக்கும்போது, ராட்சதர்கள் கட்டினார்கள் என்ற கதையும், சார்டினியாதான் மூழ்கிப்போன அட்லாண்டிஸ் என்ற வாதமும் இன்னும் உலவுகின்றன. தீவின் பழைய காலத்துக் குடியானவர்கள் பாட்டன் காலத்துக் கோபுரத்தைப் பார்த்து ராட்சதனை நினைத்ததில் தவறில்லை. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த, நுராகேக்களைவிடப் பழைய பாறைக் கல்லறைகளைத் தேவதைகளின் வீடு என்று அழைத்ததும் அழகான கற்பனை. இன்று இந்தக் கதைகளைக் கேள்விக்கு விடையாக விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ராட்சதன் என்றதும் யோசனை நின்றுவிடுகிறது. வளையத்தைக் கண்டுபிடித்த மனிதனுக்குச் சேரவேண்டிய மரியாதையும் பறிபோகிறது.

நுராகே கட்டியவர்கள் நூல்கள் எதையும் விட்டுச் செல்லவில்லை. ஆனால் கல்லிலும் வெண்கலத்திலும் தங்கள் கோபுரங்களுக்குச் சிறு மாதிரிகள் செய்து வைத்தார்கள். உச்சியில் மாடம் பிதுங்கி நின்றது நமக்குத் தெரிவது அந்த மாதிரிகளால்தான். கோபுரம் காவலுக்கா, தலைவனின் வீடா, தானியக் கிடங்கா என்ற விவாதம் ஓயவில்லை. பரூமினியில் சாதாரண மக்கள் வாழ்ந்தது வெளியே இருந்த குடிசைகளில். அவற்றுக்கும் வட்டக் கல் சுவர்தான், கூரை மட்டும் மரமும் கிளைகளும். காரணம் ஊகிக்கக் கூடியதே. கல் கூரை வேண்டுமென்றால் வால் பக்கச் சுமைக்கு மீட்டர் கணக்கில் சுவர் வேண்டும், அதற்கு ஊரே உழைக்க வேண்டும்.

ஏழாயிரம் நுராகேக்களில் முறையாகத் தோண்டி ஆராய்ந்தவை மிகச் சிலவே. புதிதாக ஒன்றைத் தோண்டினால் செய்தி வரும், சிலை கிடைத்தால் திறப்பு விழா நடக்கும், பணமும் அங்கேதான் போகும். இருக்கும் கோபுரத்தின் சுவர் நிரப்பைச் சரிசெய்ய யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கின்படி கூரையைப் பிடித்து வைத்திருப்பதே அந்த நிரப்புதான். சுவருக்குள் மரவேர் புகுந்து நிரப்பைத் தளர்த்தினால் வால் பக்கச் சுமை போகும். பக்கத்து வயலுக்கு வேலி கட்ட யாராவது இரண்டு கல்லை உருவினால் வளையம் அறும். என் கையில் நிதி இருந்தால் முதல் பங்கை, செடி பிடுங்கி, ஆப்புக் கல் இறுக்கத் தெரிந்த சாந்தில்லாக் கல் வேலைக்காரர்களுக்குக் கொடுப்பேன். அந்தக் கைவேலையை 2018இல் இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ பாரம்பரியக் கலையாகப் பதிவு செய்திருக்கிறது. தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.